உள்ளூர்ப் பாடலும் தனியிசையும்: மலேசிய, சிங்கைத் தமிழ்ப் பாடல்கள் பொதுநீரோட்டத்தில் கலந்தமை குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

புதிய தமிழ்ப் பாடலொன்று காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் வினா, ‘எந்தப் படத்துப் பாட்டு?’ என்பதேயாகும். பாடியவர் யார், எழுதியவர் யார் என்னும் வினாக்கள் அதற்குப் பின்னரே வரும். பல வேளைகளில் வாராமலும் போகும். பாடல் என்றால் அது திரைப்படத்தில் பிறந்ததாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருமண மண்டபம், பள்ளி ஆண்டுவிழா, பேருந்து, உணவகம், வானொலி என எங்கும் திரைப்பாடலே ஒலித்து வந்தமையால் இவ்வெண்ணம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் கடந்த இருபதாண்டுகளில் அவ்வினாவுக்கு ‘இது படப்பாட்டு இல்லை’ என்னும் விடை அடிக்கடி கிடைக்கத் தொடங்கியுள்ளது. திரைப்படத்தைச் சாராமல் தோன்றும் பாடல்கள் இளைஞர் நாவில் புழங்குகின்றன, வானொலியில் ஒலிக்கின்றன, அவற்றைப் படைத்தோர் திரையுலகுக்கும் அழைக்கப்படுகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதில் மலேசிய, சிங்கைத் தமிழர்க்குரிய பங்கு யாது, பொதுநீரோட்டத்தில் கலந்ததனால் பெற்றது என்ன, இழக்க நேர்வது என்ன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

மேலைநாட்டு வழக்கில் சுயாதீன இசை என்பது பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராது உருவாகும் இசையைக் குறிக்கும். அங்கே எதிர்நிலையில் நிற்பது நிறுவனம். தமிழில் நிலைமை வேறு. இங்கே எதிர்நிலையில் நிற்பது திரைப்படம். பெரியதொரு நிறுவனமே வெளியிட்டாலும், படத்தோடு தொடர்பில்லையாயின் அதனைத் ‘தனிப்பாடல்’ என்றும் ‘தனியிசை’ என்றும் அழைக்கிறோம். 1997ஆம் ஆண்டு ஏ.ஆர். ரகுமான் வெளியிட்ட ‘வந்தே மாதரம்’ தொகுப்பு சோனி என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் வெளியீடு. எனினும் தமிழ்ச் செவிக்கு அது திரையிசை அல்லாத இசையே.

மலேசியாவில் இதற்கு நெடுங்காலமாக வழங்கி வந்த பெயர் ‘உள்ளூர்ப் பாடல்’ என்பதாகும். இப்பெயர் பாடலின் வகையையோ தரத்தையோ சுட்டவில்லை. அது பிறந்த இடத்தைச் சுட்டுகிறது. தமிழகத்திலிருந்து வருவது ‘பாடல்’; இங்கே பிறப்பது ‘உள்ளூர்ப் பாடல்’. அடைமொழி பெற்றது எது, பெறாதது எது என்பதை நோக்கின், எது மையமாகவும் எது விளிம்பாகவும் கருதப்பட்டது என்பது தெளிவாகும். அண்மைக் காலத்தில் ‘உள்ளூர்’ என்னும் அடைமொழியோடு ‘தனியிசை’, ‘சுயாதீன இசை’ என்பனவும் வழக்கில் சேர்ந்துள்ளன. இஃது ஒரு மனநிலை மாற்றத்தையும் காட்டுகிறது. இடத்தால் அறியப்பட்ட பாடல் இன்று தன் தன்மையால் அறியப்பட விழைகிறது.

திரையிசையின் தனியாட்சி

திரையிசை இத்துணை வலிமை பெற்றமைக்குக் கலைச் சிறப்பு மட்டுமே காரணமன்று. பொருளியல் அமைப்பும் காரணமாகும். இசைக்கருவியாளர் பலர் கூடிப் பாடலொன்றைப் பதிவுசெய்யப் பெருஞ்செலவு ஆகும். அச்செலவைத் திரைப்பட முதலீடு ஏற்றுக்கொண்டது. படம் பாடலை விளம்பரப்படுத்தியது. பாடல் படத்தை விளம்பரப்படுத்தியது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் விற்கும் வலைப்பின்னல் திரைப்பாடலை நம்பியே அமைந்தது. இவ்வட்டத்துக்கு வெளியே நின்ற கலைஞர் பதிவுக்கூடம், விளம்பரம், விற்பனை ஆகிய மூன்றையும் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆதலால் முந்தைய தலைமுறைக் கலைஞர் முன் சில வழிகளே இருந்தன. முதலாவது, தாமே மையத்தை நோக்கிச் செல்வது. 1944ஆம் ஆண்டு கிள்ளானில் பிறந்த வாசுதேவன் சென்னைக்குச் சென்று, 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ முதலிய படங்களின் வழியே புகழ்பெற்றார். தம் நாட்டின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ‘மலேசியா வாசுதேவன்’ என்றே 2011இல் மறையும்வரை அவர் அறியப்பட்டார். நாடு பெயரில் நிலைத்தது; ஆயினும் அவர் பாடியவை தமிழகத் திரைப்பாடல்களே.

இரண்டாவது, கலைஞர் தம் ஊரில் இருக்க, பாடல் மட்டும் பயணம் செய்வது. இலங்கையில் ஏ.ஈ. மனோகரன் போன்றோர் வளர்த்த பொப்பிசை இதற்குச் சான்றாகும். பைலா மரபிலிருந்து வந்த ‘சுராங்கனி’ என்னும் பாடல் கடல் கடந்து புகழ்பெற்று, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. திரைக்கு வெளியே பிறந்த பாடல் திரைக்குள் புகுந்தமைக்கு இஃதொரு முன்னோடி நிகழ்ச்சி எனலாம்.

மூன்றாவது, வேறு மொழியின் பொதுநீரோட்டத்தில் கலப்பது. பினாங்கில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடறிந்த கலைஞராயினர். தமிழர் குரல் தேசிய அளவில் ஒலித்தது. ஆனால் தமிழில் அன்று.

இம்மூன்று வழிகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஊரைவிட்டுச் செல்லுதல், பாடலை விட்டுக்கொடுத்தல், மொழியை மாற்றிக்கொள்ளுதல் என ஒவ்வொரு வழியிலும் ஏதேனும் ஒன்றை விலையாகக் கொடுத்தே பொதுநீரோட்டத்தை அடைய முடிந்தது. பின்வந்தோர் எதனை விலையாகக் கொடுத்தனர் என்பதே நாம் இங்குக் கேட்க வேண்டிய வினாவாகும்.

சொல்லிசையின் எழுச்சி

மலேசியத் தமிழ்த் தனியிசை எல்லை கடந்து புகழ்பெறக் காரணமாய் அமைந்தது ‘ராப்’ எனப்படும் சொல்லிசையாகும். ‘சொல்லிசை’ என்னும் இவ்வழகிய சொல்லே மலேசியத் தமிழ்க் கலைஞரால் பரவலாக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1990களின் பிற்பகுதியில் பொயட்டிக் அம்மோ என்னும் மலேசியக் குழு பல மொழிகளில் சொல்லிசைத்து வந்தது. அக்குழுவில் ஒருவரான யோகி பி பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் இணைந்து ‘நட்சத்திரா’வை அமைத்தார். 2006இல் வெளிவந்த இவர்களது ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அத்தொகுப்பின் ‘மடை திறந்து’ தமிழகத்திலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா இசையமைத்த பாடலை அடித்தளமாகக் கொண்டு அமைந்த பாடல் அது.

இங்கு ஒரு முரண் உள்ளது. திரையிசையைச் சாராத இசையின் முதற்பெரும் வெற்றி, திரைப்பாடல் ஒன்றன் நினைவின்மீதே எழுப்பப்பட்டது. கேட்போர் நெஞ்சில் முன்னரே குடியிருந்த மெட்டு அவர்களைப் புதிய வடிவத்தின் வாயிலுக்கு அழைத்து வந்தது. அடுத்த ஆண்டே சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றது. 2007இல் வெளிவந்த ‘பொல்லாதவன்’ படத்தில், 1979ஆம் ஆண்டின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படப்பாடலான ‘எங்கேயும் எப்போதும்’ மறுவார்ப்புச் செய்யப்பட்டபோது, அதில் யோகி பியின் சொல்லிசை இடம்பெற்றது. திரைப்பாடலைத் தனியிசைக்குக் கொணர்ந்தவரைத் திரையுலகம் தன் பழம்பாடலைப் புதுப்பிக்க அழைத்துக்கொண்டது. பின்னர் ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017) முதலிய படங்களிலும் அவர் குரல் ஒலித்தது.

மலேசியாவில் சொல்லிசை வேரூன்றியமைக்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று பொருளியல். இதற்குப் பெரிய இசைக்குழு தேவையில்லை. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். மற்றொன்று மொழியியல். சந்தத்துக்கேற்பச் சொற்களை அடுக்கிப் பாடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. அருணகிரிநாதரின் திருப்புகழும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் சந்தத்தின் ஆற்றலை உணர்த்தும் இலக்கியங்களாகும். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியிறுதி ஒன்றிவரும் இயைபையே நம்பி நிற்கிறது. தமிழ்ச் சொல்லிசையாளரோ மோனை, எதுகை, இயைபு ஆகிய மூன்றையும் கையாளும் வாய்ப்புப் பெற்றவர். யாப்பிலக்கணம் கற்பிக்கும் வகுப்பில் மாணவர்க்கு எதுகையை விளக்கச் சொல்லிசைப் பாடலை எடுத்துக்காட்டுவது பயன்தரும் என்பது நமது கருத்து.

சிங்கையின் பங்கு

சிங்கப்பூரில் இவ்வளர்ச்சி சற்றே மாறுபட்ட வழியில் அமைந்தது. அங்கே தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக விளங்குவதால், வசந்தம் தொலைக்காட்சியும் ஒலி 96.8 வானொலியும் உள்ளூர்க் கலைஞர்க்கு மேடை அமைத்துத் தந்தன. 2005ஆம் ஆண்டு ‘வசந்தம் ஸ்டார்’ பாட்டுப் போட்டியில் வென்ற ஷபீர், பாடகராக மட்டுமன்றிப் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் வளர்ந்தார். அவர் படைத்த ‘சிங்கை நாடு’ 2012ஆம் ஆண்டுத் தேசிய நாள் கொண்டாட்டத்துக்குரிய தமிழ்ப் பாடலாக அமைந்தது.

பின்னர் அவர் இசையமைத்த ‘சகா’ (2019) என்னும் தமிழகத் திரைப்படத்தின் ‘யாயும்’ என்னும் பாடல் பெரும் புகழ்பெற்றது. குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீரார் பாடிய நாற்பதாம் பாடலை அது தழுவியது. ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சங்கப்பாடல், சிங்கைக் கலைஞர் ஒருவரின் இசையில் தமிழகத்து இளைஞரைச் சென்றடைந்தது. மையத்திலிருந்து விளிம்புக்கே தமிழ் பாயும் என்னும் எண்ணத்தை மறுக்க இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

மலேசியாவின் முகேன் ராவ் அடைந்த புகழும் இவ்விடத்து எண்ணத்தக்கது. இங்கே தனிப்பாடல்களால் அறியப்பட்டிருந்த அவர், 2019இல் தமிழகத்து ‘பிக்பாஸ்’ மூன்றாம் பருவத்தில் வென்று, ‘வேலன்’ (2021) படத்தில் கதைத்தலைவராக நடித்தார். பொதுநீரோட்டத்துக்குச் செல்லும் வாயில்களுள் தொலைக்காட்சியும் ஒன்றாகிவிட்டதை இது காட்டுகிறது.

கருவியும் களமும்

இம்மாற்றங்களுக்கு அடிப்படையாய் அமைந்தது தொழில்நுட்பம். ஒலிநாடாக் காலத்திலும் குறுந்தட்டுக் காலத்திலும் கலைஞர் தம் படைப்பைக் கடைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2005இல் யூடியூப் தோன்றியபின் எல்லை கடப்பதற்குக் கப்பலோ விமானமோ தேவைப்படவில்லை. ஸ்பாட்டிஃபை சேவை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2013இல் வந்தது. இந்தியாவுக்கு 2019இல் சென்றது. இன்று ஜொகூரில் ஓர் அறையில் பதிவாகும் பாடல், அன்று மாலையே மதுரையிலும் டொராண்டோவிலும் கேட்கப்படலாம்.

எனினும் அடைதல் வேறு, ஈட்டுதல் வேறு. இச்சேவைகள் பெரும்பாலும் சந்தாவாலும் விளம்பரத்தாலும் வரும் தொகையை ஒன்றுதிரட்டி, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பாடலுக்கும் உரிய விகிதப்படி பகிர்கின்றன. ஆகவே சிறிய மொழிச் சமூகத்தின் பாடல், அச்சமூகத்தார் அனைவராலும் விரும்பப்பட்டாலும், மொத்தக் கணக்கில் சிறு துளியாகவே நிற்கும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1000 கேட்புகளை எட்டாத பாடல்களுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை வழங்குவதில்லை. தொடக்கநிலைக் கலைஞரையே இவ்விதி முதலில் பாதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாயில் அகலத் திறந்திருக்கிறது. உள்ளே இருக்கையோ சிலர்க்கே கிடைக்கிறது. இந்நிலையில் திரைப்பட வாய்ப்பு இன்றும் தனியிசைக் கலைஞரை ஈர்ப்பதில் வியப்பில்லை.

தமிழகத்தில் தனியிசை

தமிழகத்திலும் இதே ஈர்ப்பைக் காண்கிறோம். ஆதி, ஜீவா இருவரும் அமைத்த ஹிப்ஹாப் தமிழா 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்னும் தனித்தொகுப்பை வெளியிட்டது. 2015இல் ‘ஆம்பள’ படத்தின்வழித் திரையிசையமைப்பாளராக அறிமுகமானது. 2017இல் ஆதி இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’, தனியிசைக் கலைஞர் ஒருவரின் போராட்டத்தையே கதைப்பொருளாகக் கொண்டது. திரையைச் சாராத வாழ்வுகூடத் திரைக்கதையாகிப் பொதுமக்களைச் சென்றடைந்தது.

மற்றொரு போக்கு, திரையுலகத்தாரின் துணையோடு, திரைக்கு வெளியே நின்று சமூகக் குரலை எழுப்புவது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியால் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் சொல்லிசையையும் ராக் இசையையும் இணைத்துச் சாதிக்கொடுமையைப் பாடியது. அக்குழுவில் இடம்பெற்ற அறிவு எழுதி, தீயுடன் இணைந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு அப்பாடலுக்கு ஊற்றாகக் கொண்டார். கித்தாக் காட்டிலும் லயத்து வீட்டிலும் வாழ்ந்த முன்னோரையுடைய மலேசியத் தமிழர் அப்பாடலைத் தம் வீட்டுக் கதையாகவே கேட்டனர். மண்ணைத் திருத்தியவர்க்கு மண் உரிமையாகவில்லை என்னும் துயரம் இருநாட்டுத் தோட்டப்புறங்களுக்கும் பொதுவானது அன்றோ?

2024இல் வெளிவந்த சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ வேறொரு சான்று. திரைப்படம் ஏதுமின்றி அப்பாடல் பெற்ற வரவேற்பு, திரைப்பாடல்களுக்கு ஈடாக இருந்தது. அதன் பயனாக, 2025இல் ‘டியூட்’ படத்துக்கு அவரே இசையமைத்தார். அவர் பின்னணிப் பாடகர்களான திப்பு, ஹரிணி இணையரின் மகன் என்பதையும் மறத்தலாகாது. தனியிசை என்னும் வழி யாவர்க்கும் பொதுவெனினும், எல்லாரும் ஒரே இடத்திலிருந்து நடக்கத் தொடங்குவதில்லை.

உரிமை யாருக்கு?

பொதுநீரோட்டத்தில் கலக்கும்போது கலைஞர் எதனை விலையாகக் கொடுக்கிறார் என்னும் வினாவுக்கு இனி வருவோம். இதனை அறியப் பாடலொன்றில் அடங்கியுள்ள இருவகை உரிமைகளை வேறுபடுத்திக் காண வேண்டும். ஒன்று, சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய ஆக்கவுரிமை. இது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. மற்றொன்று, பதிவுசெய்யப்பட்ட ஒலிக்குரிய பதிவுரிமை; இது பொதுவாகப் பதிவுக்குச் செலவிட்டவரைச் சேரும்.

தம் சொந்தச் செலவில், தாமே எழுதி, தாமே இசையமைத்துப் பதிவுசெய்யும் கலைஞரிடம் இவ்விரண்டு உரிமைகளும் ஒருங்கே இருக்கின்றன. தனியிசையின் ‘தனி’ என்பதன் உண்மைப் பொருள் இதுவேயாம். திரைப்படத்துக்குப் பாடல் அமைக்கும்போது, பதிவுரிமை தயாரிப்பாளரிடமோ அவரிடமிருந்து பெற்ற ஒலிநிறுவனத்திடமோ சென்றுவிடுகிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தமக்குரிய சமபங்கை எழுதிக்கொடுத்துவிட இயலாதவாறு காப்பளித்தது. அதற்கு முன்னர் ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது வழக்கமாயிருந்தது.

படம் இல்லாவிட்டால் சிக்கலும் இல்லை என்று எண்ணுவதற்கில்லை. ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு எத்துணை அறிந்தேற்பு என்பது குறித்து 2022இல் பொதுவெளியில் கருத்து வேறுபாடு எழுந்தது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என வெளிப்படையாகக் கூறினார். உலகமே கேட்ட பாடலுக்கே இந்நிலையெனில், வீட்டறையில் வாய்மொழி உடன்பாட்டோடு நண்பர் நால்வர் சேர்ந்து உருவாக்கும் பாடலின் நிலை என்னாகும்? பாடல் வெளிவருமுன்னரே பங்கீட்டை எழுதி வைத்தலும், மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் கம்பஸ் ஆகிய ஆக்கவுரிமை அமைப்புகளில் பதிந்துகொள்ளுதலும், ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 இலக்க அடையாளக் குறியீட்டைப் பெறுதலும் இன்றியமையாதனவாகும். இவை கலைக்குப் புறம்பான அலுவல்கள் போலத் தோன்றலாம். ஆனால் பெயரையும் பயனையும் படைத்தவரிடம் சேர்ப்பவை இவையே.

மண்ணின் மொழி

உரிமைக்கு அடுத்து எண்ண வேண்டியது மொழி. மலேசியத் தமிழர் பேச்சில் பசார், கம்பம், கித்தா போன்ற மலாய்வழிச் சொற்கள் இயல்பாகக் கலந்துள்ளன. பால்மரம், மங்கு, தண்டல், கிராணி, லயம் போன்ற சொற்களோ தோட்டப்புற வாழ்வையே தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன. இந்நாட்டுக் கேட்போரை மட்டும் மனத்திற்கொண்டு எழுதும் கவிஞர் இவற்றைத் தயங்காது எடுத்தாளுவார். கடல் கடந்த சந்தையை நோக்கும்போது, ‘அங்குள்ளவர்க்கு விளங்குமா?’ என்னும் தயக்கம் தோன்றும். விளங்காதன விலக்கப்படும், எங்கும் செல்லுபடியாகும் ஒரு பொதுத்தமிழ் அவ்விடத்தை நிரப்பும். சென்னைப் பேச்சுவழக்கு திரையின் துணையால் உலகத் தமிழர் அனைவர்க்கும் அறிமுகமாகிவிட்டது. அவ்வாய்ப்பு நம் வழக்குக்குக் கிட்டவில்லை.

எனினும் இது தவிர்க்கவியலாத விதி அன்று. தோட்டத் தொழிலாளி ஒருவரின் நினைவுகளைத் தயக்கமின்றிப் பாடியதனாலேயே ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் சென்றது. அந்தந்த மண்ணுக்குரியதை ஆழமாகச் சொல்லும் பாடல், அம்மண்ணை அறியாதவரையும் தொடுகிறது. நம் இளங்கலைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேணிக்காத்தல்

எங்கள் துறை மாணவரிடம் வகுப்பில் ஒருமுறை, தாம் விரும்பிக் கேட்ட உள்ளூர்ப் பாடல்களைப் பட்டியலிடுமாறு கூறினோம். பட்டியல் நீண்டது, பலர் பாடியும் காட்டினர். அப்பாடல்களை எழுதியவர் யாவர் எனக் கேட்டபோது வகுப்பில் அமைதி நிலவியது. வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாக்களையும் குறுந்தட்டுகளையும் பார்த்து வருமாறு அனுப்பினோம். சிலர் உறையில்லாத தட்டுகளுடன் வந்தனர். சிலர் வீடு மாறியபோது எறிந்துவிட்டதாகப் பெற்றோர் கூறினர் என்றனர். பாடல் நாவில் இருக்கிறது; பெயர் எங்கும் இல்லை.

தோட்டப்புறத்து நாட்டார் பாடல்களுக்கு இந்நிலை முன்னரே நேர்ந்தது. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தொகுத்து நூலாக்கியமையால் அவற்றுட் சில இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தெரியாதிருப்பது அதன் இயல்பு. நேற்று எழுதப்பட்ட பாடலுக்கு ஆசிரியர் பெயர் தெரியாதிருப்பது நம் கவனக்குறைவு.

மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவு போன்ற அச்சல்லாதவற்றையும் உள்ளடக்கியது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் உள்ளூர் இசைக்கெனவே ‘மியூசிக் எஸ்.ஜி.’ என்னும் மின்தொகுப்பைப் பேணுகிறது. அங்குத் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்க 2015இல் மேற்கொண்ட மரபுடைமைத் திட்டம் பின்னர் நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. மேலும், 2021ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவெளியில் பயன்படுத்தப்படும்போது படைத்தவரின் பெயர் சுட்டப்பட வேண்டும் என்னும் உரிமையை வழங்கியது. ‘எழுதியவர் யார்?’ என்னும் வினாவுக்கு அங்கே சட்டமும் துணைநிற்கிறது.

மலேசியத் தமிழ்ப் பாடல்களுக்கு இத்தகைய முறையான தொகுப்பு இன்றியமையாதது. மின்னல் பண்பலை, ராகா ஆகிய வானொலிகளில் ஒலித்தவை, சிறு பதிவுக்கூடங்களில் பிறந்தவை, விற்பனைக்கு வாராமலே மேடையோடு நின்றவை ஆகிய யாவும் இதில் இடம்பெறல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒவ்வோர் இந்திய ஆய்வியல் மாணவரும் தம் ஊரைச் சேர்ந்த ஒரு கலைஞரைச் சந்தித்து, அவர்தம் பாடல்களின் தலைப்பு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வெளியான ஆண்டு ஆகிய ஐந்து விவரங்களைப் பதிந்தாலே சில ஆண்டுகளில் பயனுள்ள அடைவு ஒன்று உருவாகிவிடும்.

முடிவுரை

முந்தைய தலைமுறையினர் பொதுநீரோட்டத்தை அடைய ஊரையோ பாடலையோ மொழியையோ விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இன்றைய கலைஞர் தம் ஊரில் இருந்தவாறே, தம் மொழியில், தம் பாடலோடு அங்கே செல்ல முடிகிறது. இஃது உண்மையான முன்னேற்றமாகும். இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் படைத்தவர் பெயரும் உரிமையும் மண்ணின் சொல்லும் வழியிலேயே நழுவிப் போகுமாயின், பழைய விலையைப் புதிய நாணயத்தில் கொடுத்தவர்களாவோம்.

சட்டம் சிலவற்றைக் காக்கலாம். தொழில்நுட்பம் சிலவற்றைத் தரலாம். எஞ்சியது கேட்போராகிய நம்மைச் சார்ந்தது. அடுத்தமுறை புதிய பாடலொன்று காதில் விழும்போது, ‘எந்தப் படம்?’ என்னுமுன் ‘யார் எழுதியது?’ எனக் கேட்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோமாயின், தனியிசைக்கு நாம் செய்யும் தலையாய உதவி அதுவாகவே இருக்கும்.